இடுப்பில் துடைத்த கை

பிளாக் 21, நெய்வேலி
12.2.2015

அன்புள்ள பேரன் விஜயராஜுக்கு, ஆயா வள்ளியம்மாள் எழுதிக்கொள்வது. உன் அப்பா, அம்மா சுகம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடு. என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி கனகம் போனைத் தூக்கிக்கினு வந்தாள். உன் கம்பெனியில் நீ செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் அந்த அமெரிக்காக்காரன் ரெண்டு முனையும் கூரான நீட்டுப் பந்தை வீசுவதைக் காட்டி, "அக்கா, இவன் நான்தான்" என்றாள். பிளாக் முழுக்க அதையே சொல்லிக்கினு திரிகிறாள்.

பொங்கலுக்கு நீ வந்தப்போ அவன் பொம்மை மாதிரி கையை மட்டும் ஆட்டி வீசினான். பந்து போகுது, உடம்பு போகலை என்று தலையைப் பிடிச்சிக்கினு உட்கார்ந்திருந்தாய். முன்காலை ஊனணும், இடுப்பு திரும்பணும், அப்புறம் தோள், முழங்கை, விரல் கடைசியில்தான் என்று சொன்னது யார், நான்தானே? எழுதிக்கினவன் நீதானே? மறுநாள் கனகத்தை மைதானத்தில் நிறுத்தி, அவள் வீசறதைப் படம் பிடிச்சு அவன் உடம்புக்குப் போட்டாய்.

வீசறதுக்கு முன்னால் அவன் உள்ளங்கையை இடுப்பில் ரெண்டு தரம் துடைக்கிறானே, ஏன் என்று அவளைக் கேட்டாயா? கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் பண்ருட்டி மண்டியில் பலாப்பிஞ்சு ஏத்தினோம், உன் பந்து அளவுதான் இருக்கும். லாரி மேலே நின்னு பிடிச்சவள் அவள். கீழேயிருந்து வீசினவள் நான். பால் பிசுக்கு இருந்தால் பிஞ்சு கையை விட்டுப் போகாது. அதுக்காக இடுப்பில் எண்ணெய்த் துணி செருகியிருப்பேன். அவள் இடுப்பில் துணி ஏது? என் பச்சைப் புடவையை வாங்கிக்கினு திருப்பித் தராதவள், இந்தத் துடைக்கிற பழக்கத்தையும் எடுத்துக்கினாள்.

ஆயாவை வீசிக் காட்டச் சொல்லி வருத்தாதே என்று உன் அம்மா சொன்னாளாம். கார்த்திகையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை, நெசந்தான். இந்தக் கடிதமே மூணு நாளாய் எழுதுகிறேன். தினம் காலையில் கனகம்தான் வந்து எனக்குத் தலை சீவிவிடுகிறாள். சீவிக்கினே தன் பெருமையைப் பேசுகிறாள். முடி அவள் கையில் இருக்கும்போது நான் என்ன சண்டை போடுவேன்?

பங்குனிக்குள் ஒரு தரம் வா, சாமி. பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும் என்னைப் படம் பிடி. அங்கே ஒண்ணும் கெடவில்லை. அதுக்கு மேலே கனகத்தை வெச்சிக்கோ. அந்தத் துடைக்கிறதை மட்டும் நீக்கிடாதே.

நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் ஆயா வள்ளியம்மாள்