கார்டில் அடங்கிய தங்கச்சி

12.7.1991, வெள்ளி

போன தை மாதம் செத்துப்போன தங்கச்சி ராணியைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். பத்திரிகைப் போட்டிக்கு. ஒரு போஸ்ட் கார்டுக்குள் கதை முடிய வேண்டும். அதனால் நிறைய வெட்டிவிட்டேன்.

பனியன் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் கலாவிடம், டீ நேரத்தில் படிக்கக் கொடுத்தேன்.

"ஏம்புள்ள, காய்ச்சல் வந்துச்சு, செத்துப்போச்சுங்கிற. ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்குது," என்றாள்.

"நான் கொண்டுபோற வேஸ்ட் துணியில பொம்மைக்குப் பாவாடை தைப்பா. கடைசிப் பாவாடைக்கு நாடா கோக்கவே இல்ல. அதுக்கெல்லாம் கார்டுல எடமில்ல," என்றேன்.

கலா டீயைக் கீழே வைத்தாள். "பிசிறுன்னு நெனச்சுத் தையலையே வெட்டிப்போட்டயே, புள்ள." அவள் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து புதுக் கார்டில் எழுதினேன். பொம்மை, பாவாடை, நாடா கோக்க ராணி ஊக்கு தேடுவது. அதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. அவள் சாவதை எழுத இடமில்லை.

பத்திரிகைக்காரர்கள் அதை முடிவு என்று ஒப்புக்கொள்வார்களோ என்னவோ. கார்டில் ராணி இன்னும் ஊக்கு தேடிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத் தபால் பெட்டியில் போட்டால், மறுபடியும் வீட்டை விட்டுப் போய்விடுவாள்.