ஊர் ஓட்டு

7 நவம்பர் 2025, வெள்ளி

காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. குடத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அங்கன்வாடி டீச்சர் சாவித்திரி ஸ்கூட்டரில் வந்தாள். பாரிவாக்கத்தில் எங்கள் பகுதிக்கு வாக்காளர் பட்டியல் திருத்த வேலையையும் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இறங்காமலே படிவத்தை நீட்டினாள்.

"ராஜகுமாரி அம்மா, இத்த ரொப்பி வையுங்க. பழைய லிஸ்ட்ல உங்க பேரு எந்த பாகம், எந்த நம்பருன்னு கீழ எழுதணும். எனக்கு இன்னும் எம்பது ஊடு கீது."

எந்தப் பழைய லிஸ்ட் என்றேன். இருபது வருடத்துக்கும் மேல் இருக்கும், இதேபோல் திருத்தியபோது வந்தது என்றாள்.

அந்தப் பட்டியலில் நான் இல்லை. யாருக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது.

8 நவம்பர்

நோட்டுகளை இறக்கினேன். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு என்று நான் எழுதிவருவது ஐந்து நோட்டு ஆகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். பூந்தமல்லி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியும் கிழவர்களைக் கேட்டும் எழுதியது. முதலில் திருவள்ளூர் தொகுதி. அறுபத்தேழில் ஸ்ரீபெரும்புதூர். 2009இல் மறுபடியும் திருவள்ளூர். நான் பிறந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நானூறு அடி இருக்காது. தொகுதிதான் போய்ப் போய் வந்தது.

அப்போது ஓட்டுக் கேட்க வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். இப்போது பிளாட்டு கேட்டில் நின்று செக்யூரிட்டியைக் கும்பிடுகிறார்கள். இதுவும் ஐந்தாவது நோட்டில் இருக்கிறது.

நான்காவது நோட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. 2004 மே. பாரிவாக்கம் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிறேன். "உங்க பேரு இல்லம்மா, தள்ளி நில்லுங்க." ஊரே பார்த்தது. என் அண்ணி பார்த்தாள். கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: அதிகாரிகளின் அயோக்கியத்தனம். பதினொரு மனு போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்த தேர்தலுக்குத்தான் பெயர் வந்தது.

அன்று அவர்கள் செய்ததற்கு இன்று நான் பதில் சொல்ல வேண்டுமாம். என்ன நியாயம் இது?

12 நவம்பர்

மகன் தினேஷ் காட்டுப்பாக்கத்திலிருந்து போன் செய்தான். "விடும்மா, ஒரு ஓட்டுதானே? பிபிய ஏத்திக்காத." உன் தொகுதி எது தெரியுமா என்று கேட்டேன். "கூகுள்ல இருக்கும்மா." வைத்துவிட்டேன்.

15 நவம்பர்

படிவத்தைக் கொடுத்தேன். பழைய பட்டியல் விவரம் கேட்ட இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'அநியாயமாக நீக்கப்பட்டவள்' என்று எழுதியிருந்தேன். சாவித்திரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, இத்த ஸ்கேன் பண்ணணும். ஓரமெல்லாம் கத எழுதி வெச்சிகீறீங்களே!"

கதை இல்லை, உண்மை என்றேன். பேசாமல் பையில் வைத்தாள். அவள் பேசாதது பயமாக இருந்தது. பேசியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

19 டிசம்பர், வெள்ளி

வரைவுப் பட்டியல். என் பெயர் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன்.

27 டிசம்பர்

நோட்டீஸ் வந்துவிட்டது. பழைய பட்டியலோடு என் பெயர் சேரவில்லையாம். ஜனவரி 9, காலை 11 மணி, பூந்தமல்லி அலுவலகம். ஆவணங்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் நீக்கப்படலாம்.

இறந்துபோன என் வீட்டுக்காரருடைய குடும்பப் பென்ஷன் புத்தகம் போதும் என்கிறாள் சாவித்திரி. போதுமா? இவர்களை நம்பலாமா? ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சொல்கிறாள், பட்டியலில் பெயர் போனால் அடுத்து ரேஷன், அதற்கடுத்து பென்ஷன் என்று. பொய்யாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுபத்திரண்டு வயதில், உயிரோடு இருக்கும்போதே பெயரை அடித்துவிட்டுப் போவார்களா?

2 ஜனவரி 2026, வெள்ளி

பட்டாபிராம் போனேன், பார்வதத்தைப் பார்க்க. ஆவடி குவார்ட்டர்ஸில் பத்தொன்பது வருடம் பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரரும் என் கோவிந்தனும் பேக்டரியில் ஒரே ஷிப்ட். என்னை அநியாயமாக நீக்கினார்கள் என்று சாட்சி எழுதிக் கைநாட்டு வாங்கி வரலாம் என்று போனேன்.

"வா ராஜி. இன்னா இப்டி இளைச்சிகினே போற? அண்ணாத்தே போனதுக்கு அப்பால இந்தப் பக்கமே வர்லியே."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். பல் இல்லாத வாயால் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆபீஸ்காரனா எடுத்தான்? நல்லா கேட்ட போ. நீதான எழுதி எடுத்த! ரெண்டு எடத்துல பேரு இருந்தா ஜெயிலு, நமக்கு ஊர் ஓட்டுதான் ஓட்டு, ஆவடி லிஸ்ட்டுல கீற பேர அடிச்சிப்புடணும்னு லைன் பூரா கிளாஸ் எடுத்தியே. நீ எழுதின, நான் கைநாட்டு வெச்சேன்."

குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். மதுரைக்காரர் ஓட்டுப் போட மதுரைக்கு பஸ் ஏறுவார். ஊரில் ஓட்டு இருந்தால்தான் ஊரில் ஆள். ஆனால் பாரிவாக்கத்தில் என் பெயர் இருந்ததே என்றேன்.

"எங்க இருந்திச்சி? திருத்தறவன் வந்து கேட்டா உன் அண்ணி இன்னா சொல்லுவா? அவ ஆவடியில கீறான்னுதான சொல்லுவா. நீ அங்கதான கீற? எங்க ஊரு குத்தம்பாக்கத்துல எனக்கும் அதே கதிதான். இங்கயும் போச்சி, அங்கயும் போச்சி. எலக்சன் அன்னிக்கு நீ பத்ரகாளி மாதிரி திரும்பி வந்து நின்ன. உங்கிட்ட யாரு சொல்றது? சொன்னா கேக்குற ஆளா நீ?"

சாட்சி எழுதக் கொண்டுபோன தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். "இத்த படிச்சி சொல்லு. ஒரு வாரமா பயந்துகினு கீறேன்." அதே நோட்டீஸ். ஆவடி அலுவலகம். ஜனவரி 9, காலை 11 மணி.

"கேள்வி கேப்பாங்களா ராஜி? எனக்கு வருசம் தேதி ஒண்ணும் வராதே. மாத்தி சொல்லிட்டா பென்சன நிறுத்திப்புடுவாங்களா?"

3 ஜனவரி

டிரங்க் பெட்டியைக் கொட்டினேன். இருக்கிறது. கார்பன் காப்பி. என் கையெழுத்துதான். 'எங்களுக்குச் சொந்த ஊரில் வாக்கு இருப்பதால் ஆவடிப் பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களை உடனே நீக்கும்படி...' கீழே ஆறு பெண்கள். நான்கு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. முதல் பெயர் என்னுடையது.

ஊரில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதினேனா? இல்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் அந்த ஊர்க்காரி, என்னை எப்படி எடுப்பார்கள் என்ற திமிர்.

அந்த ஆறு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. அந்தத் தேர்தலில் அவர்களும் திரும்பித்தான் வந்திருப்பார்கள். ஒருத்தியும் என்னிடம் கேட்கவில்லையே. என்னைப் பார்த்து அவ்வளவு பயமா?

5 ஜனவரி

என் தேதியை மாற்ற முடியுமா என்று சாவித்திரியிடம் கேட்டேன். "நான் இன்னாம்மா பண்ணட்டும்? சொல்லிப் பாக்குறேன். ஆனா வர்லன்னா வர்லன்னுதான் எழுதுவாங்க." தினேஷிடம் கேட்டேன், பார்வதத்தைக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று. அவளைப் பார்த்தே இருபது வருடம் ஆகிறது, நான் போய் என்ன சொல்வேன் என்கிறான். அதுவும் சரிதான். அந்தக் கடிதத்துக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

6 ஜனவரி

பூந்தமல்லிக்குத்தான் போக வேண்டும். முடிவு செய்துவிட்டேன். அவளுக்குப் பென்ஷன் புத்தகம் இருக்கிறது. காட்டினால் போதும்.

7 ஜனவரி

காட்டினால் போதுமா? அவளைப் பெயர் கேட்டாலே வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு நிற்பாளே. அந்தக் காலத்தில் ரேஷன் கார்டு ஆபீசில் அழுதுவிட்டாள். நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்.

என் பெயர் போனால் நான் யார்? இந்த ஐந்து நோட்டுக்கு என்ன அர்த்தம்? தொகுதியே இல்லாதவள் எழுதிய தொகுதி வரலாறு. படித்தால் சிரிக்க மாட்டார்களா?

8 ஜனவரி

பென்ஷன் புத்தகம், கார்பன் காப்பி, இரண்டையும் பையில் வைத்திருக்கிறேன். எந்த பஸ் என்று மட்டும் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

9 ஜனவரி, வெள்ளி

ஆவடி பஸ்ஸில் ஏறினேன்.

கூட்டம். நாற்காலி போதவில்லை. பார்வதம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதிகாரி தினேஷ் வயதுப் பையன்தான். எந்த வருடத்திலிருந்து ஆவடியில் இருக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை.

"எம்பத்தேழு" என்றேன்.

"பாட்டி, அவங்க சொல்லட்டும். நீங்க யாரு இவங்களுக்கு?"

"பக்கத்து வீடு. இவ பேரு அன்னைக்கு லிஸ்ட்ல இல்லாததுக்கு நான்தான் காரணம்."

காப்பியைக் கொடுத்தேன். அதோடு வீட்டில் எழுதிக்கொண்டு போன தாளையும் கொடுத்தேன். இந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் பேச்சை நம்பிக் கைநாட்டு வைத்தாள், தவறு என்னுடையது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வாழ்க்கையில் யாருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

அவன் முழுதும் படித்தான். பென்ஷன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு கடிதத்தில் முதல் பெயரில் விரல் வைத்தான். "இது நீங்கதானே? உங்களுக்கு ஹியரிங் இல்லையா?"

"இருக்கு. பூந்தமல்லியில."

"என்னைக்கு?"

"இன்னைக்குதான். பதினோரு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டாகப் பத்து நிமிடம். பார்வதத்தின் தாளில் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் பார்வதம் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடிப்பாவி, சொல்லவே இல்லியே! போ, ஓடு, ஆட்டோ புடி!"

பிடித்தேன். பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். நான்கு வரை உட்கார்ந்தேன். பிறகு ஒருவர் வந்து, வராதவர்கள் பட்டியல் போய்விட்டது, மனு எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது மனு.

20 ஜனவரி

பதில் இல்லை. கேட்டில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் திடுக்கென்கிறது.

26 பிப்ரவரி, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. சாவித்திரி போனில் தேடினாள். பார்வதம் இருக்கிறாள். என் பெயர் இல்லை.

சாவித்திரி அழுதுவிட்டாள். "என்னைத் திட்டுங்கம்மா, பரவால்ல" என்றாள். உள்ளே கூட்டி வந்து மோர் கொடுத்து அனுப்பினேன்.

அவள் போன பிறகு நோட்டுகளை மறுபடி மேலே ஏற்றி வைத்தேன்.

3 மார்ச், செவ்வாய்

புதிதாகச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, அதற்கு வேறு படிவம் என்று சாவித்திரி சொன்னாள். பூந்தமல்லி போனேன். பார்வதமும் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். வேண்டாம் என்றேன். "நீ சொன்னா நான் கேக்கணுமா?" என்றாள்.

பெஞ்சில் பக்கத்தில் பாரிவாக்கம் புது பிளாட்டிலிருந்து ஒரு பெண். பெயர் ஸ்வாதி, கல்லூரி முதல் வருடம், ஊர் தர்மபுரிப் பக்கம். "யாருக்கு பாட்டி, பேரனுக்கா?" என்று கேட்டது. எனக்குத்தான் என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பையை மடியில் எடுத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டது.

சேர்ப்பார்களா தெரியவில்லை. இந்த முறையும் ஏதாவது சொன்னால்?

பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஃபர்ஸ்ட் டைம் ஓட்டருங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்கப்பா."

பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.