முப்பத்தேழாம் குழாய்

தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதுமே வருவது நீங்கள்தான் என்று நான் அடுப்பைப் பற்றவைப்பேனே, அந்த என் மகராசாவுக்கு,

நம் பேத்தி தேன்மொழி மதுரையில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? எச்.ஐ.வி. கிருமி புகுந்தால் அதை எதிர்க்க உடம்பு ஏதோ ஒன்றை உண்டாக்குமாம். ரத்தத்தில் அது இருக்கிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்ல ஒரு மெஷின் வந்திருக்கிறது. அது சொல்வது சரிதானா என்று பார்ப்பதுதான் இவள் வேலை. அதற்கு நோயில்லாதவர்கள் ரத்தமும் வேண்டுமாம்.

"எங்கிட்ட எடுத்துக்கடி" என்று கை நீட்டினேன்.

"அம்புட்டுத் தைரியமா அப்பத்தா? எறும்பு கடிச்சாலே ஊரக் கூட்டுவியே!"

குழாயில் பெயர் கிடையாது, நம்பர்தான். எது யாருடையது என்று இவளுக்கே தெரியாது. ஆனால் லேபில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த பெண் நம்பரை ஒட்டும்போது நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு முப்பத்தேழு வாசிக்கத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை தேன்மொழி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நல்லா இருக்கவங்கன்னு எடுத்ததுல ஒண்ணு பாசிட்டிவ் காட்டுது அப்பத்தா. முப்பத்தேழாம் நம்பரு."

கரண்டி என் கையிலேயே நின்றது. "மெஷினு தப்பாச் சொல்லுமாடி?"

"அதக் கண்டுபிடிக்கத்தான எனக்குச் சம்பளம்? வேற முறையில மறுபடி பார்ப்போம். ஒரு டெஸ்ட்ட வச்சு யாருக்கும் முடிவு சொல்ல மாட்டோம்."

ஆனால் நான் மனசுக்குள் உங்களுக்கு முடிவு சொல்லிவிட்டேன். மூன்று நாளாக உங்கள் கடைசி வருஷத்தைத் தோண்டினேன். பம்பாய் லோடு, விடாத இருமல், இடுப்பில் நிற்காத கைலி. டாக்டர் காசநோய் என்றார். அது மட்டும்தானா? கொட்டாம்பட்டியில் லாரியை நிறுத்தி எனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிவந்த மனுசன், வேறு எங்கெல்லாம் நிறுத்தினீர்கள்? உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை. பார்த்தீர்களா?

நேற்று அவள் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டேன்.

"முப்பத்தேழுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு முறையில பார்த்தாச்சு, மெஷினுதான் தப்பு. அந்த நம்பரு மேல ஒனக்கென்ன இம்புட்டு அக்கறை?"

"சும்மாதான்டி."

சின்னப்பெண்ணுக்குத் தெரிந்த நிதானம், நாற்பது வருஷம் கூட வாழ்ந்த எனக்கு இல்லாமல் போனதே! ஒருவேளை அது நிஜமாகவே இருந்திருந்தாலும், உங்களுக்குப் பூ வைக்காமல் இருந்திருக்கலாமா நான்?

இன்று இரண்டு முழம் வைத்திருக்கிறேன். அடுத்த மெஷின் வந்தாலும் கை நீட்டுவேன். நம்பர் ஒட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், சத்தியம்.

உங்களைச் சந்தேகப்பட்ட, உங்களுக்கே வாக்கப்பட்ட,
தேன்மொழியின் அப்பத்தா