ஏழாம் நம்பர் டப்பா

ஐப்பசி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. காலையில் டப்பா மூடி துடைக்கும் வேலை. பல்வலி.

மகள் மகேசுவின் உதட்டுச்சாயம் வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறது. பன்னிரண்டு வருஷம் தேனியிலும் போடியிலும் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்ட பிள்ளை. கழுத்து கறுப்பானாலும் முகம் வெள்ளையாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பூசிப்பூசி அலுத்துப்போய், இப்போது சொந்தக் கம்பெனி. பூசினதே தெரியக்கூடாது என்பதுதான் அவள் பேச்சு. பின்கட்டு அறைதான் ஃபேக்டரி. லைசென்ஸ் சுவரில்.

முதல் நிறத்துக்குப் பெயர் ‘அம்மா’. நிறத்தைச் சொன்னவன் நான். போன மாதம் பத்து டப்பாவை வரிசையாக வைத்துக் கேட்டாள். “ஒங்களுக்குத்தேன் எல்லாம் ஞாபகம் இருக்குமேப்பா. அம்மா ஒதடு இதுல எந்த நெறம்?”

இவள் அம்மா செல்லத்தாய் செத்துப்போனபோது இவளுக்கு ஒன்றரை வயது. மிச்சம் இருப்பது கல்யாணப் போட்டோ ஒன்று, கறுப்பு வெள்ளை. நான் யோசிக்கவே இல்லை. ஏழாவதைத் தொட்டேன். சிவப்பில் ஊதா விழுந்த மங்கல். மகேசு அழுதுவிட்டாள்.

இன்று பேக்கிங்குக்கு வந்த இரண்டு பெண்களும் அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி திரும்பி, “நல்லாருக்கா பெரியப்பா?” என்றாள். கையிலிருந்த மூடி உருண்டு ஓடியது.

நல்லாருக்கு என்றேன். மூடியைத் தேடிக் குனிந்தேன்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை விட்டது. பல்லுக்குக் கிராம்பு.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். மகேசு ஊரில் பல பேருக்கு சாம்பிள் கொடுத்திருக்கிறாள். பூக்காரி. மருந்துக்கடையில் நிற்கும் பெண். கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் யாரோ. மூன்று இடத்தில் செல்லத்தாயின் வாய். வாய் மட்டும். பூக்காரி, “என்னய்யா, பூ வேணுமா, இல்ல என் மொகத்துல வெல எழுதியிருக்கா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்த வாய் சிரித்தது. பூ வாங்காமல் வந்துவிட்டேன்.

அவளைப் பற்றி ஞாபகம் இருப்பவை:
கல்யாணத்துக்குப் போன பஸ், அதன் நம்பர், டிரைவரின் மீசை.
கேட்டு நான் வாங்கித் தராத வளையல். அரக்கு நிறம்.
கடைசி நாள் பச்சைச் சீலை. முந்தியில் தைத்த கிழிசல், ஒரு சாண்.
உதடு. ஏழாம் நம்பர்.

அது எந்த நாள் உதடு? முப்பத்து நாலு வருஷத்தில் இன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே பாம்பு. நல்ல பாம்பு, அவளைக் கடித்துவிட்டது. அப்போது நாங்கள் இருந்த காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஜீப். தலை என் மடியில். வழி முழுக்க முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். உதடு முதலில் காய்ந்தது. அப்புறம் வெளிறியது. ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது ஏழாம் நம்பர்.

அதைத்தான் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மகேசு இதைப் படிக்க மாட்டாள். பள்ளிக்கூடம் போகாமல் லாரிப் பலகை பார்த்துக் கற்ற எழுத்து, எனக்கே சில நாள் புரியாது.

ஐப்பசி 7, வியாழன்

வெயில். பத்து டப்பாவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு காமயகவுண்டன்பட்டி போனேன். மகேசுவிடம் பல் டாக்டர் என்று சொன்னேன்.

செல்லத்தாயின் தங்கை பேச்சி வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க மச்சான். எங்கூருக்கு வழி தெரிஞ்சிருச்சாக்கும்.”

டப்பாக்களைத் திறந்து வைத்தேன். ஏழாவதைப் பார்த்ததும் மூடியை எடுத்து அவளே அழுத்தி மூடினாள்.

“இத எவ கேட்டா?”

“ஒங்கக்கா மகதேன். அவுக அம்மா நெறமின்னு நாந்தேன் சொல்லிப்புட்டேன்.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு? ஆஸ்பத்திரியில எங்கக்காவ எறக்குனப்ப இருந்த நெறமாச்சே இது!”

“அப்ப உசுரோட இருக்கயில எது பேச்சி?”

பேச்சி கத்தியைக் கீழே வைத்தாள். “மூணு வருசம் அவ கையால சோறு வாங்கித் தின்னீக. எங்கிட்ட வந்து கேக்குறீக.”

ஒரே வீட்டில் பத்துப் பேர். பெற்றவள் முன்னால் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால் கேலி. தட்டைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், சீலையைப் பார்த்தேன். இருட்டோடு தோட்டத்துக்குப் போய்விடுவேன். முகத்தை நிமிர்ந்து பார்த்தது ஜீப்பில்தான்.

பேச்சி மற்ற ஒன்பதையும் விரலில் தொட்டுப் பார்த்தாள். “எதுவும் இல்ல. ஒங்க மகள மூஞ்சியக் கழுவிட்டு வெளிச்சத்துல நிக்கச் சொல்லுங்க. எங்கக்காதேன். மேக்கப்புக்காரி, எந்நேரமும் எதையாச்சும் அப்பிக்கிட்டுத் திரிஞ்சா எப்புடித் தெரியும்?”

கிளம்பும்போது வெங்காயம் கட்டிக் கொடுத்தாள்.

ஐப்பசி 8, வெள்ளி

மேகம் இல்லை. பத்து மணிக்குக் கடை வண்டி. பெட்டிகள் வாசலில், எல்லாவற்றிலும் ‘அம்மா’.

மகேசு குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். ஒன்றும் பூசாத முகம். கிழக்கு ஜன்னல் வெளிச்சம்.

“என்னப்பா, இப்புடிப் பாக்குறீக?”

உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், பந்தல், பேச்சி, பல் டாக்டர் பொய். வெளியே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மகேசு எழுந்து போய், “இன்னிக்கு இல்லண்ணே. போயிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஜீப்புல அம்மா என்னமும் சொன்னாகளா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“நீ இப்பக் கேட்டதத்தேன் கேட்டா. என்ன இப்புடிப் பாக்குறீகன்னு.”

மகேசு பெட்டியிலிருந்து ஒரு லேபிளை நகத்தால் கிழிக்க ஆரம்பித்தாள். பாதியில் விட்டாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“பாத்துக்கங்கப்பா. நல்லாப் பாத்துக்கங்க.”

பார்த்தேன். கீழுதட்டின் இடது ஓரம், மிளகில் பாதி அளவு ஒரு மச்சம். செல்லத்தாய்க்கு இருந்ததா, தெரியவில்லை.