பாதியில் நின்ற ஞானஸ்நானம்

அனுப்புநர்:
எர்னஸ்டின் டில்லரி,
ஏரிக்கரைச் சாலை, ஹாஸ்கெட், அலபாமா.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
டாலிவர் ஏரி நிர்வாக அலுவலகம், ஹாஸ்கெட்.

பொருள்: ஞானஸ்நானம் பெறச் சென்ற என் கணவர் ரோஸ்கோ டில்லரி மீன்பிடிப் போட்டிக்கு இடையூறு செய்ததாக வழங்கப்பட்ட குற்ற அறிவிக்கையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மணமான நாள் முதல் என் கணவர் ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு ஏரிக்குப் போனவர். ஆலயத்துக்கு நான் மட்டும் போனேன். இந்த வசந்தத்தில் இதயக் கோளாறால் மருத்துவமனையில் படுத்துத் திரும்பியவர், "சரி எர்னி, முழுகிடுறேன். ஆனா சர்ச்சுத் தொட்டித் தண்ணியில இல்ல, ஏரியிலதான்" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் போதகர் கெய்ன்ஸ் அடுத்த ஞாயிறையே குறித்துவிட்டார். அன்றுதான் பாஸ் மீன் பிடிக்கும் போட்டி என்பது எங்களுக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரிந்திருக்கும், அவர் சொல்லவில்லை.

2. ஆலயத்தை ஒட்டிய ஏரி நீரில் போதகரும் என் கணவரும் இடுப்பளவுக்கு இறங்கினர். பாடகர் குழு பாடத் தொடங்கியது. திடீரென்று என் கணவர், "பாஸ்டர், காலைத் தூக்காதீங்க! அப்படியே பின்னால நகருங்க, கீழ கூடு இருக்கு" என்றார். சரளையில் வாலால் தட்டிச் செய்த பள்ளம், அதன்மேல் காவலாக ஓர் ஆண் மீன். முட்டையிட்டதும் பெண் மீன் போய்விடும். குஞ்சுகள் கிளம்பும்வரை தகப்பன்தான் பொறுப்பு. இந்த ஏற்பாட்டுக்காகவே அந்த இனத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

3. அப்போது சட்டை முழுக்க விளம்பரம் அணிந்த இரு போட்டியாளர்கள் படகில் நெருங்கினர். ஒருவர், "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க. அந்த மீனு எனக்கு வேணும்" என்றார்.

"பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு இருக்கான்யா, விட்டுடு" என்றார் என் கணவர்.

"அதனாலதான் ஓடாம நிக்கிது. உங்க குளியலை அப்புறம் வச்சுக்கங்க."

என் கணவர் வெள்ளை அங்கியோடு கூட்டுக்கும் படகுக்கும் நடுவே போய் நின்றார். மருத்துவர் படி ஏறவே வேண்டாம் என்றிருந்தார். தண்ணீரில் நிற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாடகர் குழு குரலை உயர்த்தியது உண்மை. உயர்த்த வைத்தது நான்தான்.

4. அவர்கள் புகார் செய்ய, தங்கள் ஆய்வாளர் வியக்கத்தக்க விரைவில் வந்து சேர்ந்தார். போன ஆண்டு என் அண்டை வீட்டுப் படகு களவு போனபோது இந்த விரைவு காணக் கிடைக்கவில்லை. "சட்டப்படி மீன் பிடிக்கிறவங்களைத் தடுக்கக் கூடாதும்மா. முட்டைக் காலத்துல பிடிக்கத் தடை ஏதும் இல்ல" என்று மரியாதையோடு விளக்கி, என் கணவரைக் கரைக்கு அழைத்தார். அறிவிக்கையில் 'அளவு மீறிய பாட்டு' என்றும் எழுதினார். எங்கள் குழுவைப் பற்றி எழுத்தில் கிடைத்த முதல் விமர்சனம் அது.

5. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மீன் பிடிபட்டது. படகிலிருந்த தொட்டியில் போட்டு, எடை பார்க்க அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். எடை பார்த்து உயிரோடு விட்டார்களாம். அக்கரையில் விட்டார்கள், கூடு இக்கரையில் இருந்தது. படகு திரும்புவதற்குள் சிறுமீன்கள் மொய்த்துப் பள்ளத்திலிருந்த முட்டைகளைத் தின்று துடைத்துவிட்டன. என் கணவர் மறுபடி நீரில் இறங்கிக் குனிந்து பார்த்தபடியே நின்றார். வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் ஈர அங்கியைக் கழற்ற விடவில்லை.

6. போதகர் அன்றே சடங்கை முடிக்க அழைத்தார். என் கணவர் மறுத்துவிட்டார். "முழுகி எந்திரிச்சா அவனுங்கள மன்னிக்கணுமில்ல? கேஸ் முடியட்டும் பாஸ்டர். அதுவரைக்கும் நான் பாவியாவே இருந்துக்கிறேன்." போதகர் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார், பதில் சொல்லும் வசனம் இன்னும் அகப்படவில்லை.

7. விசாரணை அக்டோபருக்கு வைக்கப்பட்டுள்ளது. அதற்குள் ஏரிக்கு எதுவும் ஆகிவிடாது. என் கணவரின் இதயத்தைப் பற்றி மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. இரவில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகவே அறிவிக்கையை ரத்து செய்யுமாறும், முட்டைக் காலத்தில் ஆலயத்தை ஒட்டிய நீரில் போட்டிப் படகுகளுக்குத் தடை விதிக்குமாறும் வேண்டுகிறேன். இரண்டும் இயலாதெனில் விசாரணையை இந்த வாரமே நடத்தித் தண்டனையையாவது விதித்துவிடுங்கள். அவர் தோற்றாலும் பரவாயில்லை, ஐயா. வழக்கு முடிந்தால் போதும். மன்னிக்க வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: ஹாஸ்கெட்
நாள்: ஏப்ரல் 23

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) எர்னஸ்டின் டில்லரி