மாமனுக்கு எப்போது தெரியும்?

அன்பு மருமகளுக்கு, தாய்மாமன் மனதார வாழ்த்தி எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். இங்கே உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு கைவேலையைப் பார்த்ததே இல்லை என்றார். பிறகு அவரும் ஒரு மணி நேரம் கொஞ்சம் தொட்டுக் கொடுத்தார்.

விஷயம் உன் அப்பா வழக்கு. கூரை ஷீட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பத்தில் அறுத்த மனுஷன். அந்தத் தூசிதான் நெஞ்சை அரித்தது என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியோடு மூன்று வருஷம். அவர் போய் எட்டு மாதம். கேஸ் போட மூன்று வருஷம்தான் கெடு என்று கேள்விப்பட்டதும் நான் விடுவேனா? எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து, உன் அம்மாவோடு வக்கீலம்மா ஆபீஸுக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. என்னைப் பார்த்ததும் ஆபீஸே எழுந்து நின்றது. நாற்காலி இரண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

தூசியால் வந்த நோய் என்று வீட்டில் யாருக்கு, எப்போது தெரியும் என்று வக்கீலம்மா கேட்டார். எனக்குச் சும்மா இருக்க வருமா? டாக்டர் என்ன டாக்டர், நாலு வருஷத்துக்கு முன்பே இருமலைக் கேட்டதும் நான் கண்டுபிடித்துவிட்டேன், மருமகளுக்குக் கடிதமே போட்டிருக்கிறேன் என்றேன். வக்கீலம்மா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

கெடு, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து ஓடுவதில்லையாம். நோய்க்குக் காரணம் தூசிதான் என்று குடும்பத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓடுமாம். நாலு வருஷத்துக்கு முன்பே தெரியும் என்றால் கெடு போன வருஷமே முடிந்தது, கேஸ் காலி. கம்பெனி வக்கீல் இப்படி ஒரு வாயைத்தான் தேடிக்கொண்டிருப்பாராம். நானோ கம்பெனி வாசல் டீக்கடையில் பத்துப் பேரிடம் இதையே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா விறுவிறுவென்று எனக்கு முன்னால் படி இறங்கினாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பவே தெரிஞ்சிருந்தா, அவரை ஏண்ணே திரும்பவும் அந்த ரம்பத்துக்கிட்ட விட்ட?"

மருமகளே, பேச்சில் என்னை மடக்கியவன் இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா மடக்கிவிட்டாள். எனக்கு ஒன்றுமே தெரியாது, அதுதான் உண்மை. சிகரெட் இருமல் என்று நினைத்தேன். பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். இரண்டு பாட்டில் இருமல் மருந்து குடிக்க வைத்து, திங்கட்கிழமை என் லாரியிலேயே ஏற்றிப்போய்க் கேட்டில் இறக்கிவிட்டேன். மாமனுக்குத் தெரியாமல் நம் குடும்பத்தில் ஒன்று நடந்துவிட்டது என்று சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே திரும்பி மாடியேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "வாயால சொன்னா பத்தாதுங்க, அந்த லெட்டர் இருக்கா?" என்றார் வக்கீலம்மா. உன்னிடம் இருக்கும். நீ எதையும் கிழித்துப் போடுகிற பிள்ளை அல்ல. அதில் தூசி என்ற வார்த்தையே இருக்காது. சிகரெட்டும் மருந்தும் என் வைத்தியப் பெருமையும்தான் மூன்று பக்கத்துக்கு. நமக்கு இப்போது அதுதான் சாட்சி. உறையோடு, தபால் முத்திரை தெரிய, மூன்று பக்கமும் வேண்டும். எனக்காகக் கடைசிப் பக்கத்தை ஒளித்து வைக்காதே. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, லீவு போட்டு அலையாதே, மாமன் இருக்கிறேன் என்று அதில்தான் எழுதினேன். நீயும் என்னை நம்பி வராமல் இருந்துவிட்டாய். கோர்ட்டில் அதை உரக்கப் படிக்கட்டும். கூண்டில் ஏறி, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்கிறேன். அதை என்னளவு கம்பீரமாகச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

கேஸ் ஜெயிக்கும். வக்கீலம்மாவே சொல்லிவிட்டார். அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், நான் சத்தமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. பதினாறு வருஷம் ஷீட் லாரி ஓட்டியவர், நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுங்கள் என்றார் வக்கீலம்மா. எடுத்தேன். உன் அப்பா சீட்டில் இருந்த அதே வார்த்தையை எழுதி, டாக்டர் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நேற்று மத்தியானம் மூன்றரை மணிக்கு என் கைக்கு வந்தது, நாலு மணிக்கு வக்கீலம்மா மேஜையில் வைத்துவிட்டேன். இந்த மாமனுக்கு எப்போது தெரியும் என்று இனி எந்த வக்கீலும் கேட்க முடியாது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ நூறு வருஷம் நன்றாக மூச்சுவிட்டு வாழ வேண்டும். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாதே, அம்மா. லீவு போட்டு, நீயே கொண்டு வா.

இப்படிக்கு,
உன் மாமன்