பால்டிக் கடலைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன்

செப்டம்பர் 21, ஞாயிறு

கடல் ஆராய்ச்சி படிக்கும் மகள் இளவரசி விடுமுறைக்கு வந்தாள். கூடவே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பெட்டி கண்ணாடிச் சில்லுகள், குட்டி டப்பாக்களில் சேறு. எங்கேயோ சீமைப் பக்கம் இருக்கும் பால்டிக் கடலின் அடிச்சேறாம். ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். “பேர் எழுதி வையிடி, உங்கப்பா சட்னின்னு தொட்டுக்குவாரு” என்றாள் துர்கா. கட்டினவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

செப்டம்பர் 24, புதன்

எதிர்வீட்டு செல்லியம்மாள் விசாரித்தாள். செவிலிமேட்டில் எனக்கு அடுத்தபடியாக வம்பு சேகரிப்பவள் அவள்தான். நானே விளக்கினேன். அந்தக் கடல் முழு உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. சேற்றில் கண்ணுக்குத் தெரியாத பாசி ஓடுகள் கிடக்கும். ஒரு ஜாதி உப்பில்தான் வாழும், ஒரு ஜாதி நல்ல தண்ணீரில்தான், ரெண்டுங்கெட்டானும் உண்டு. ஆழம் போகப்போகச் சேறு பழையது. எந்த ஆழத்தில் எந்த ஓடு அதிகம் என்று எண்ணினால், எந்தக் காலத்தில் கடல் எவ்வளவு கரித்தது என்று சொல்லிவிடலாம்.

“அதுக்கு நாக்குல வெச்சிப் பாத்தா ஆச்சி” என்றாள்.

செப்டம்பர் 28

இளவரசி சேற்றைச் சில்லுகளில் தடவி எண்ணுகிறாள், பாதிதான் முடிந்திருக்கிறது. பத்தாம் தேதி பேராசிரியரிடம் காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகுமாம். சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

அம்மாவும் மகளும் பொரி கடலை வாங்கப் போனார்கள். ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் நானே துடைத்தேன். கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தில் கருப்பாக ஏதோ. பட்டுக்கடையில் எத்தனை வருஷ சர்வீஸ்! சேலையில் கறை என்றால் துளி பெட்ரோல், பஞ்சு, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பளிச்சென்று துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பாராட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

கறை இல்லை. எந்தச் சில்லு எந்த ஆழம் என்று மார்க்கரில் எழுதியிருந்தாளாம். நான் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால்தானே —

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானமாக ஒரு யோசனை சொன்னேன்: உப்பு கம்மியானதை அடியில் வை, ஜாஸ்தியானதை மேலே வை, வரிசை தானாக வந்துவிடும்.

“உப்பை வெச்சி வரிசை போட்டு, அந்த வரிசைய வெச்சி உப்பைச் சொன்னா அது ஆராய்ச்சி இல்லப்பா, ஜோசியம்.”

அக்டோபர் 2

பொரியை நான் தனியாகத் தின்றேன்.

அக்டோபர் 5

டப்பாக்களில் ஆழம் எழுதியிருக்கும் மிச்சச் சேற்றை எடுத்துப் புதிதாகச் சில்லு தயார் பண்ணுகிறாள். அவள் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. பூனைக்கு உண்டு.

அக்டோபர் 8

கூப்பிட்டாள்! லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க முடியாது, கோடு போட ஆள் வேண்டும், துர்காவுக்குத் தலைவலி. அவள் “உப்பு… உப்பு… ரெண்டுங்கெட்டான்… நல்லது” என்று சொல்லிக்கினே போக, நான் கோடு போட்டேன். நல்லாத்தான் போய்க்கினு இருந்தது. நடுவில் ஒரு ஆழத்தில் மட்டும் நல்லது, நல்லது, நல்லது. முன்னாடியும் பின்னாடியும் உப்பு, நடுவில் நல்ல தண்ணீர். இப்படி வந்தால் யாரும் நம்பமாட்டார்களாம், குழந்தை முகம் வாடிவிட்டது. மனசு கேட்கவில்லை. நாலு கோடு குறைச்சிப் போடட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

“ஆடித் தள்ளுபடியாப்பா இது?”

பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 10

காட்டிவிட்டு வந்தாள். அந்த நடு ஆழத்தைப் பேராசிரியர் நம்பவில்லை. உண்மையாகவும் இருக்கலாம், உன் கண் விளையாடியதாகவும் இருக்கலாம் என்றாராம். வேறு யாராவது எழுத்தை மறைத்து, சில்லுகளைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். எது எந்த ஆழம் என்று தெரியாமலே இவள் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் அதே கணக்கு வந்தால் பட்டத்துக்குப் பழுதில்லை. பத்து நாள் தவணை.

அக்டோபர் 12, ஞாயிறு

பெட்டியையும் ஒட்டுத்தாளையும் என் முன்னால் வைத்தாள். துர்கா பதறிவிட்டாள். இவர்கிட்டயாடி?

“அழிக்கறதுல அப்பாவுக்கு சர்வீஸ் இருக்குதும்மா.”

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டினேன், கலைத்தேன், எது எந்த ஆழம் என்று ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19

எண்ணிக்கொண்டே இருக்கிறாள். ஏழாவது சில்லில் திடீரென்று “நல்லது… நல்லது… நல்லது.” நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அது எந்த ஆழம் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். வாசலில் செல்லியம்மாள் ரெண்டு தடவை வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

நல்ல சேதியை யாரிடமும் சொல்ல முடியாமல் வயிறு உப்பிக்கொண்டு வருகிறது.